மாவு புளிக்கும் நேரம்: அன்றும் இன்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் ரொட்டி மாவைப் பொங்கவைத்த ஈஸ்ட், பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறங்கி வந்தது. அன்று இறக்கிய கள்ளை மாவில் ஊற்றிப் பிசைந்து, துணி போட்டு மூடிவைத்து, மாவு எழும்பியதும் விறகு எரித்துச் சூடேற்றிய அடுப்பில் சுட்டார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இந்தியாவில் ரொட்டியைப் பொங்கவைக்கப் பொதுவாகப் பயன்படுவது கள்தான் என்று குறித்து வைத்திருக்கிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடியும் இனிப்பு நீர் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. இன்று மளிகைக் கடையில் உறையிலிட்டு விற்கும் ஈஸ்டும் அதே இனம்தான்.

இன்று அதே சென்னையின் அடுக்குமாடி வீடுகள் சிலவற்றில், சமையல் மேடையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளே கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். கலவை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகப் புட்டியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட். ஸ்டார்ட்டர் என்று வீட்டில் ரொட்டி சுடுகிறவர்கள் சொல்லும் இந்தப் புளித்த மாவில் கடை ஈஸ்ட் ஒரு சிட்டிகைகூட இல்லை. மாவிலேயே இருக்கும் காட்டு ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்து அதை உயர்த்துகின்றன. அதைக் கொண்டு சுடும் ரொட்டிதான் சவர்டோ.

கள்ளுப் பானைக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் இடையே ஏறத்தாழ 140 ஆண்டுகள். இந்த இடைவெளியில் ரொட்டியைப் பொங்கவைக்கும் வேலை வீட்டையும் சிறு அடுப்பையும் விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது. இப்போது ஒரு பகுதி வீடு திரும்பியிருக்கிறது. போனபோது எதை எடுத்துக்கொண்டு போனது, திரும்பியபோது எதைக் கொண்டு வந்தது என்பதை ரொட்டி சுடக் கற்கிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ரொட்டி பிறந்து வளர்ந்த நாடுகளில் புளித்த மா ஒரு குடும்பச் சொத்தாக இருந்தது. முந்தைய நாள் பிசைந்த மாவில் ஒரு பங்கை எடுத்துவைத்து மறுநாள் மாவைப் புளிக்கவைக்கும் வழக்கத்தை, முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பெய் நகரத்து அடுப்புகளில் இருந்த ரொட்டிகள் கரியாகி, வடிவம் குலையாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. வட்டமாக, எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கக் கோடு போட்ட ரொட்டிகள் அவை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள வில்லார் தாரென் கிராமத்தில், விறகு அரிதாக இருந்ததால், ஊர் மக்கள் ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலத்துக்கு முன்பு, பொது அடுப்பைப் பற்றவைத்து, குளிர்நாட்டுத் தானியமான ரை மாவில் மாதக்கணக்கில் தாங்கும் ரொட்டியைச் சுட்டு வைத்துக்கொண்டார்கள். நாள்பட்ட ரொட்டியை வெட்டுவதற்குப் பலகையில் பொருத்திய கத்தி வேண்டியிருந்தது. அடுப்பு ஊருக்குப் பொது, காத்திருப்பும் பொது.

இந்தக் காத்திருப்பைச் சுருக்கியது ஈஸ்ட் தொழில். நொதித்தலைச் செய்வது உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதை 1850களின் இறுதியில் லூயி பாஸ்டர் நிறுவினார். 1868இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஃப்ளைஷ்மான் சகோதரர்கள் கட்டியாக அழுத்திய ஈஸ்டை விற்கத் தொடங்கினார்கள். எந்த ஊரிலும், எந்தப் பருவத்திலும் ஒரே அளவு ஈஸ்ட் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்தது. அதுவரை ஓர் இரவு எடுத்த புளிப்பு சில மணி நேரத்துக்குள் முடிந்தது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வகம் அதையும் குறைத்தது. அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் மாவை அடித்து, மாவு நிலையிலிருந்து வெட்டி உறையிட்ட ரொட்டிவரை எல்லாவற்றையும் சுமார் மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் முறை அது. பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி இன்றும் அந்த முறையில்தான் உருவாகிறது. ரொட்டி மலிவானது, மென்மையானது, எல்லோருக்கும் எட்டியது. பசியோடு இருந்த வீடுகளுக்கு அது சிறிய விஷயம் இல்லை.

தமிழ்நாட்டில் ரொட்டி பெரும்பாலான வீடுகளுக்குக் கடைப்பொருளாகவே அறிமுகமானது. ஊருக்கு ஒரு பேக்கரி இருந்தது. செங்கல் அடுப்பின் உள்ளேயே விறகை எரித்து, தணலை ஒதுக்கி, தரையை ஈரச் சாக்கால் துடைத்து, நீண்ட மரத்துடுப்பால் தகரங்களைத் தள்ளுவார்கள். சூடு மிகுந்திருக்கும்போது பன்னும் ரொட்டியும், சூடு இறங்க இறங்க பிஸ்கட்டும் ரஸ்கும் என்று ஒரே நெருப்பை விடியும்வரை பயன்படுத்தினார்கள். 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, மெழுகுத்தாளில் சுற்றிய, துண்டு போட்ட ரொட்டி நகரத்துக் கடைகளுக்கு வந்தது. 2000இல் அந்த நிறுவனம் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு பல வீடுகளில் ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல்காரரின் உணவாகவே இருந்தது. பாலில் தோய்த்துக் கொடுத்தார்கள், உடம்பு தேறியதும் மறந்தார்கள்.

கள்ளோ மெல்ல மெல்லப் பேக்கரியை விட்டு விலகியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கி விற்பதற்கே தடை. யாழ்ப்பாணத்தில் அப்ப மாவில் கள் விடும் வழக்கம் தொடர்கிறது. இங்கே அந்த வழி அடைபட்டது. கடை ஈஸ்ட் இல்லாத புளிப்பு தமிழ்நாட்டுப் பேக்கரிகளில் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்கு ஊட்டி வர்க்கி சாட்சி. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை ஆகியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘மாவா’தான் அதன் அடிப்படை. விறகடுப்பில் சுடும் அந்த வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறநாட்டுப் புத்தகங்களில் சவர்டோவைப் படித்து வியக்கிற நாம், நீலகிரி பேக்கரிக்காரர்கள் கையில் அதற்கு உறவான ஒன்று தொடர்ந்து வாழ்ந்துவந்திருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் ரொட்டி சுட அன்று பெரிய தடை அடுப்புதான். கிறிஸ்துமஸ் கேக் செய்த வீடுகளில் கனமான பாத்திரத்தின் கீழும் மூடியின் மேலும் தணல் வைத்தார்கள். பிறகு பிரஷர் குக்கரில் மணலைப் பரப்பி, வெயிட்டையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு, அதற்குள் கிண்ணத்தை இறக்கினார்கள். அடுத்து, மூடியில் சிறு கண்ணாடி பதித்த வட்ட அலுமினிய மின்அடுப்பு வந்தது. இவை எதிலும் வெப்பத்தை எண்ணாகச் சொல்ல வழியில்லை. கையை நீட்டிப் பார்த்தும், மாவைத் தூவி அது சிவக்கும் வேகத்தைப் பார்த்தும் கணித்தார்கள். இன்று ஓடிஜி என்று சொல்லும் மேசை ஓவன் 230 டிகிரி செல்சியஸ்வரை போகிறது. குமிழைத் திருப்பினால் போதும். வெப்பம் எண்ணாக மாறியதால் புதியவருக்குத் துணிவு வந்தது. தணலின் முகம் பார்த்துச் சூடு சொன்ன அனுபவத்துக்கு அதனால் வேலை குறைந்தது.

அளவும் அப்படித்தான் மாறியது. பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த பையன் முதலில் தகரத்துக்கு எண்ணெய் தடவினான். பிறகு உருண்டை பிடித்தான். மாவு பிசையும் தொட்டிக்கு வர அவனுக்குக் காலம் பிடித்தது. மாஸ்டர் மாவைக் கிள்ளிப் பார்த்துத் தண்ணீர் போதும் என்பார். அந்தப் போதும் என்ற சொல்லுக்குள் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது. இன்று வீட்டில் கற்கிறவரின் முதல் ஆசிரியர் மின்னணுத் தராசு. 500 கிராம் மைதா, 320 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பத்து நிமிடம் பிசைந்து, சிறு துண்டை இரு கைகளாலும் இழுத்தால் கிழியாமல் மெல்லிய படலமாக விரிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகும். தகரத்தில் வடிவமைத்து, மறுபடி முக்கால் மணி நேரம் எழும்பவிட்டு, 200 டிகிரியில் 35 நிமிடம் சுட்டால் ரொட்டி. புதியவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். மாவின் பதத்தைக் கை அறிந்த பிறகு சவர்டோவுக்குப் போவது நல்லது.

பிசைவதற்கே தேவையில்லாத ஒரு முறையும் இன்று உண்டு. நியூயார்க் பேக்கரிக்காரர் ஜிம் லேஹியின் முறை 2006இல் அந்நகரத்து நாளிதழ் வழியாகப் பரவியது. கால் தேக்கரண்டி ஈஸ்ட், தளர்வான மாவு, 12 முதல் 18 மணி நேரம் காத்திருப்பு, பிறகு மூடியிட்ட சூடான இரும்புப் பாத்திரம். கைகள் பத்து நிமிடத்தில் செய்வதை நேரம் தானாகவே செய்துவிடும் என்று அது காட்டியது. தொழிற்சாலை துரத்திவிட்ட நேரம் மறுபடி ஒரு மூலப்பொருளாக வீட்டுக்குள் வந்தது.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது அந்த நேரம் பல வீடுகளுக்குக் கேட்காமலே கிடைத்தது. உலகின் பல நகரங்களில் ஈஸ்ட் கடைகளில் தீர்ந்துபோனது. வெறும் மாவும் தண்ணீரும் போதும் என்ற செய்தி அப்போதுதான் சமையலறைகளுக்குப் பரவலாகப் போய்ச் சேர்ந்தது.

ஸ்டார்ட்டர் செய்யும் முறை எளிது. பொறுமைதான் அதற்கு விலை. 50 கிராம் முழுக் கோதுமை மாவையும் 50 மில்லி குளோரின் இல்லாத தண்ணீரையும் கலந்து புட்டியில் தளர மூடி வைக்க வேண்டும். தினமும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாள் கலவை திடீரென்று பொங்கும். அது ஈஸ்டின் வேலை இல்லை. முந்திக்கொண்ட பாக்டீரியாவின் வேலை. மூன்றாம், நான்காம் நாள்களில் எல்லாம் அடங்கிவிடும். புதியவர்கள் பலர் செத்துவிட்டது என்று கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கிறது. முதலில் வந்த பாக்டீரியா அந்த அமிலத்தில் ஒடுங்க, அமிலத்தைத் தாங்கும் ஈஸ்ட் பெருகும். ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள், மாவு சேர்த்த நான்கைந்து மணி நேரத்தில் இரு மடங்காக உயரும் ஸ்டார்ட்டர் தயாராகிவிடும். தினமும் எடுக்கும் பாதியை வீணாக்க வேண்டாம்; வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் கோதுமை தோசையாக வார்க்கலாம். கள்ளுப் பானை சில மணி நேரத்தில் கொடுத்ததைப் புட்டி ஒரு வாரத்தில் கொடுக்கிறது. பானையின் ஈஸ்ட் மறுநாளைக்கு நிற்காது. புட்டியை ஊட்டி வளர்த்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

புத்தக அளவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறவர்கள் நம் ஊரில் தடுமாறுவது வெப்பத்தால்தான். பெரும்பாலான குறிப்புகள் 24, 25 டிகிரிச் சமையலறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையிலும் திருச்சியிலும் அறை 31, 32 டிகிரியில் இருக்கும். அங்கே ஐந்து மணி நேரம் எடுக்கும் புளிப்பு இங்கே மூன்று மணி நேரத்தில் முடிந்து, மாவு தளர்ந்து ஒழுகத் தொடங்கிவிடும். கொடைக்கானலில் சுடுகிறவருக்கோ அதே மாவு புளிக்க இரவு முழுவதும் வேண்டும். ஆகவே கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பது நல்லது. 400 கிராம் மைதா, 100 கிராம் கோதுமை மாவு, 340 மில்லி குளிர்ந்த தண்ணீர், 100 கிராம் பொங்கிய ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. அரை மணிக்கு ஒரு முறை ஈரக்கையால் மாவின் ஓரத்தை இழுத்து மடிக்க வேண்டும். நான்கு முறை போதும். மாவு ஒன்றரை மடங்கானதும் உருட்டி, அரிசிமாவு தூவிய துணியில் வைத்து, ஃப்ரிட்ஜில் 12 மணி நேரம். மறுநாள் மேல்தோலில் பிளேடால் ஒரு கீறல். முன்பே சூடேற்றிய மூடிபோட்ட கனமான பாத்திரத்தில் 230 டிகிரியில் 25 நிமிடம், மூடியைத் திறந்து மேலும் 20 நிமிடம். மூடிக்குள் சிக்கும் நீராவி தோலை இளகலாக வைத்திருப்பதால் ரொட்டி முழுதாக எழும்பும். அன்று செங்கல் அடுப்பின் ஈரமும் கனமும் செய்த வேலையை இன்று அந்த மூடி செய்கிறது. சுட்டதும் ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும்; சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

அன்றைய ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு இருந்தன. இன்றைய 400 கிராம் கடை ரொட்டியின் உறையில் இவற்றோடு சர்க்கரை, தாவர எண்ணெய், பூஞ்சை தடுக்கும் கால்சியம் புரோப்பியனேட், மென்மை காக்கும் சேர்மங்கள் ஆகியவையும் அச்சாகியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அனுமதிக்கப்பட்டவை. ரொட்டியைப் பல நாள் காப்பவை. ஆனால் பொட்டாசியம் புரோமேட் என்ற மாவு பதனி, புற்றுநோய் ஐயத்தால் பல நாடுகள் கைவிட்ட பின்பும் இங்கே நீடித்தது. 2016இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொட்டாசியம் புரோமேட்டைத் தடை செய்தது. வீட்டு ரொட்டியில் என்ன இருக்கிறது என்பதைச் சுட்டவரே அறிவார். நீண்ட புளிப்பில் கோதுமைத் தவிட்டின் பைடிக் அமிலம் உடைவதால் இரும்பும் துத்தநாகமும் உடலுக்கு எளிதில் கிடைக்கின்றன. குளூட்டன் ஒவ்வாத நோய் உள்ளவர்களுக்கு மட்டும் சவர்டோவும் ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

புளிக்கவைப்பது தமிழ் வீடுகளுக்குப் புதிய கலை இல்லை. ஒரு பங்கு உளுந்து, நான்கு பங்கு அரிசி, ஆட்டுக்கல், இரவு முழுவதும் காத்திருப்பு. மார்கழியில் மாவு பொங்கத் தாமதமாகும், சித்திரையில் விடிவதற்குள் வழியும் என்று சொல்ல நம் பாட்டிகளுக்கு வெப்பமானி வேண்டியிருக்கவில்லை. இட்லி மாவை உயர்த்துவதில் முன்னால் நிற்பது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. ஸ்டார்ட்டரில் இரண்டாம் நாள் முந்திக்கொண்டு பொங்குவதும் பெரும்பாலும் அதன் இனம்தான். அன்று ஆட்டுக்கல் முன் அமர்ந்த பெண்ணின் மாலை நேரம் முழுவதும் அந்த மாவில் கரைந்தது. கிரைண்டர் வந்து தோளின் வலியைத் தீர்த்தது; கடை மாவு பாக்கெட் வந்து ஊறவைக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டது. அவளுக்குக் கிடைத்த ஓய்வை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் இட்லி மாவின் புளிப்பு வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் இதே ஆண்டுகளில், ரொட்டி மாவின் புளிப்பு வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. மாவு எப்போது தயார் என்று மணத்தாலும் குமிழியாலும் அறியும் அறிவை ஒரு தலைமுறை கைவிடுகிறது. அடுத்த தலைமுறை அதையே வேறொரு தானியத்தில், தராசும் காணொளியும் வைத்து, முதலிலிருந்து கற்கிறது.

அன்று காத்திருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை. இன்று காத்திருப்பவர்கள் விரும்பிக் காத்திருக்கிறார்கள். அந்த விருப்பத்துக்கு ஓவன் வேண்டும், ஃப்ரிட்ஜ் வேண்டும், வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளும் வேண்டும். அவை இல்லாத வீட்டுக்குக் கடை ரொட்டியே கைகொடுக்கிறது; நகரத்துக் கடைகளில் விற்கும் சவர்டோவின் விலை அதைவிடப் பல மடங்கு. ஒரு காலத்தில் எளியவர்களின் அன்றாட ரொட்டியாக இருந்தது இன்று வசதியுள்ளவர்களின் தேர்வாக மாறியிருப்பது, இந்தக் கணக்கின் இழப்புப் பக்கத்தில் எழுத வேண்டிய வரி. சுத்தம், சுவை, தன் கையால் செய்த நிறைவு ஆகியவை வரவு. ஊர் கூடி ஓர் அடுப்பைச் சுற்றி நின்ற உறவோ இன்னும் திரும்பவில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது. ஸ்டார்ட்டரில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டே நாளில் அவர் ரொட்டி சுடலாம். ஓவன் இல்லாதவர் பிசைந்த மாவை ஓவன் இருக்கும் வீட்டில் வைத்துச் சுடலாம். ஒரு முறை சூடேறிய ஓவனில் அடுத்தடுத்து இரண்டு ரொட்டிகள் சுட்டால் மின்சாரமும் மிச்சம். புதிதாகக் கற்கிறவர்கள் முதல் நல்ல ரொட்டி வந்ததும் ஸ்டார்ட்டரைப் பகிரத் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கொடுப்பதால் புளித்த மா குறைவதில்லை. அடுத்த வேளை மாவும் தண்ணீரும் சேர்த்தால் பழைய அளவுக்கு வந்துவிடும்.